நடக்கச் சொல்கிறார் மருத்துவர், தடுக்கிறது கூச்சம்

அரசு கிளினிக்கில் இனிப்புநீர், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுபவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தோடு ஓர் அறிவுரையும் கிடைக்கிறது. “தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா.” தலையை ஆட்டிவிட்டு வருகிறார்கள். அடுத்த முறை போகும்போது எடையும் குறைந்திருக்காது, சீனியின் அளவும் இறங்கியிருக்காது. ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் நேரமில்லை, மழை, முட்டி வலி என்று பதில் வரும். அவற்றில் பல உண்மையான காரணங்கள்தான். ஆனால், மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. “இந்த வயசுல, இந்த உடம்ப வச்சிக்கிட்டு ரோட்டுல நடந்தா நாலு பேரு என்ன சொல்வாங்க?”

இந்தக் கூச்சத்துக்கு நம் சமூகம் கொடுக்கும் விலை பெரிது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால், வயது வந்தவர்களில் நால்வரில் ஒருவர் போதிய உடலுழைப்பு இல்லாதவர் என்றும் அதே ஆய்வு கூறியது. நடை என்பது இவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

கூச்சம் எங்கிருந்து வந்தது?

தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போய், நிரையில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, வாளிகளைத் தூக்கி ஸ்டோரில் சேர்த்து, மாலையில் விறகும் தண்ணீரும் சுமந்தார்கள். உடம்பை அசைப்பது என்றால் அது வேலை. வேலை இல்லாமல் ஒருவர் கையை வீசிக்கொண்டு நடந்தால், “வேற வேலை இல்லையா?” என்றுதான் கேட்பார்கள்.

லயங்களை விட்டுத் தமானுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் குடிபெயர்ந்தபோது அந்த உழைப்பு நின்றுவிட்டது. ஆனால், அந்தப் பார்வை கூடவே வந்துவிட்டது. குறிப்பாக, வீட்டில் சமையல் கிடக்க, பேரப் பிள்ளைகள் இருக்க, தனக்காக அரை மணி நேரம் ஒதுக்கும் பெண் தன்னைத் தானே குற்றவாளியாக நினைக்கிறாள்.

இது நம் பெண்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. இங்கிலாந்தில் ‘ஸ்போர்ட் இங்கிலாந்து’ என்ற அமைப்பு 2015ஆம் ஆண்டில் பெண்களுக்காக ஒரு பெரிய பிரசாரத்தைத் தொடங்கியது. பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமே பெண்களைத் தடுக்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. தன் தோற்றம், தனக்குச் சரியாகச் செய்ய வராதோ என்ற தயக்கம், குடும்பத்தை விட்டுவிட்டுத் தனக்கு நேரம் செலவழிக்கிறோமே என்ற உறுத்தல் என அந்த அச்சம் மூன்று வகைப்பட்டது. மூன்றும் நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சுகளே.

ஆண்களுக்கும் கூச்சம் உண்டு. அவர்கள் வெளியே சொல்வதில்லை. ஒரு காலத்தில் பள்ளித் திடலில் பந்து விளையாடியவர் 40 வயதில் தொப்பையோடு அதே திடலுக்குப் போகத் தயங்குகிறார். பருத்த உடல் கொண்ட இளைஞர், உடற்பயிற்சிக் கூடத்தின் கண்ணாடிச் சுவரைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிடுகிறார்.

உண்மையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பதில் தருகிறது. ஒரு மாணவருக்குப் பாடகர் ஒருவரின் படம் போட்ட, அணிந்தால் வெட்கம் தரக்கூடிய டி-சட்டையைக் கொடுத்து, மற்ற மாணவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பிறகு, அந்தப் படத்தை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று அவரிடம் கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்பதே சோதனையில் பங்கேற்றவர்களின் ஊகம். உண்மையில் கவனித்தவர்கள் நால்வரில் ஒருவர் அளவுக்குத்தான்.

மேடை விளக்கு நம்மீது மட்டும் விழுவதாக மனம் நினைத்துக்கொள்கிறது. மற்றவர்களோ அவரவர் கவலையில் இருக்கிறார்கள்.

ஆனால், நம் தமான் அமெரிக்க வகுப்பறை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கேட்டருகே நிற்கும் பக்கத்து வீட்டு அக்கா நிச்சயமாகப் பார்ப்பார். “என்ன, திடீர்னு நடக்கக் கிளம்பிட்டீங்க?” என்று கேட்கவும் செய்வார். அந்தக் கேள்விக்கு ஆயுள் குறைவு. முதல் நாள் புதினம், பத்தாவது நாள் பழக்கம். ஒரு மாதம் கழித்து நீங்கள் போகாமல் இருந்தால்தான், “ஏன் இன்னிக்கு ஆளக் காணோம்?” என்று கேட்பார்.

தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலை வரை சுமார் 15 கிலோமீட்டர் தூரம் வெள்ளி இரதத்தோடு ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். வெறுங்காலோடு, வியர்வை வழிய, முடி கலைந்து போகிறார்கள். பருத்தவர், வயதானவர், மூச்சு வாங்குபவர் என எல்லாரும் 272 படிகளையும் ஏறுகிறார்கள். அங்கே யாரும் யாருடைய உடம்பையும் அளப்பதில்லை. நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கூட நடக்க ஆள் இருக்கிறது. இந்த இரண்டும் இருந்தால் கூச்சம் தானாக ஒதுங்கிவிடும். தமானில் நடப்பதற்கும் இந்த இரண்டையும் உண்டாக்கிக்கொள்ள முடியும்.

படிப்படியாகப் பழக

கூச்சம் முழுவதும் போன பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. கொஞ்சம் கூச்சத்தோடு நடக்க நடக்கத்தான் அது குறையும். சிறிதாகத் தொடங்குவதே நல்லது.

முதல் வாரம் வீட்டுக்குள்ளோ அடுக்குமாடி நடைபாதையிலோ ஐந்து ஐந்து நிமிடமாக நடக்கலாம். இரண்டாம் வாரம் சொந்தச் சந்து முனை வரை. மூன்றாம் வாரம் கடைவரிசையைச் சுற்றி ஒரு சுற்று. பிறகு திடல். ஒவ்வோர் இடமும் பழகிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை அது எடுத்துவிட்டது. சந்து முனை வரை நடந்த ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். பக்கத்தில் ஓடுகிறவரோடு போட்டி போட வேண்டிய அவசியமே இல்லை.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் போவது நல்லது. அந்த நேரத்தில் வருகிறவர்கள் ஒரே முகங்களாக இருப்பார்கள். எதிரில் வருபவர் வணக்கம் சொல்லக் காத்திராமல், முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு வாரத்தில் அந்நியப் பார்வை அறிமுகப் பார்வையாகிவிடும்.

கேள்வி கேட்பவருக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். “டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, நீங்களும் வர்றீங்களாக்கா?” என்று கேட்டால், ஒன்று பேச்சு அதோடு நிற்கும், அல்லது துணைக்கு ஓர் ஆள் கிடைக்கும்.

உடை இரண்டாம் பட்சம். டிராக் சூட் கட்டாயமில்லை. பஞ்சாபி உடையோ தளர்ந்த சட்டையோ போதும். காலணியில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சிலிப்பரோடு நீண்ட தூரம் நடப்பது, குறிப்பாகக் காலில் உணர்வு குறைந்த இனிப்புநீர் நோயாளிகளுக்குப் புண்ணில் கொண்டுபோய் விடும். இன்சுலின் போடுபவர்களும் சீனியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும், எப்போது நடப்பது என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும். பையில் மிட்டாய் வைத்திருப்பதும் அவசியம். நெஞ்சு வலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி நாட வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக விரும்புபவர்கள் கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டுப் போகலாம். கருவிகளைக் காட்டித் தரும்படி முதல் நாளே பயிற்றுநரிடம் கேட்பதில் தவறில்லை. தெரியாமல் தடுமாறுவதே கூச்சத்தின் பாதி. வார இறுதியில் திடல்களில் நடக்கும் செனாம்ரோபிக்கில் கடைசி வரிசையில் நின்று தொடங்கலாம். அங்கே எல்லார் கண்ணும் முன்னால் ஆடிக் காட்டுபவர் மீதுதான் இருக்கும்.

கூச்சம் வேறு, ஆபத்து வேறு

வெளிச்சமில்லாத சந்து, தெருநாய், வழிப்பறி ஆகியவை மனப்பிரமை அல்ல. அவற்றைத் தைரியத்தால் வெல்லப் பார்க்காமல் வழியையும் நேரத்தையும் மாற்ற வேண்டும். நகையைக் கழற்றி வைத்துவிட்டு, துணையோடு நடக்க வேண்டும். கேலிச் சிரிப்பைக் கடந்து போகலாம். ஆனால், பின்தொடர்வது, ஆபாசமாகப் பேசுவது போன்றவற்றைப் பொறுத்துப் போகத் தேவையில்லை. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லும் சைகையும் குற்றவியல் சட்டத்தின் 509ஆம் பிரிவின் கீழ் குற்றம். போலீசில் புகார் செய்யலாம்.

மிச்சப் பொறுப்பு வீட்டில் இருப்பவர்களுடையது. “இந்த நடையிலயா இளைக்கப் போற?” என்று கணவரோ பிள்ளையோ விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையில் எத்தனையோ பேரின் நடை நின்றுபோயிருக்கிறது. ஊர் சொல்வதைவிட வீடு சொல்வதுதான் வலிக்கும். அம்மா கிளம்பும்போது மகன் தன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சந்து முனை வரை கூட நடந்தால் போதும். சோற்றுப் பானையை அரை மணி நேரம் அப்பா பார்த்துக்கொள்ளலாம்.