புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

வண்ண மீன் வளர்ப்பைத் துணைத் தொழிலாகத் தொடங்குவோருக்கு முதல் மாதம்தான் கண்டம். கொளத்தூர் சந்தையிலிருந்து நல்ல தாய் மீன்களாகப் பொறுக்கி வாங்கி வந்து, புதிதாகக் கட்டிய தொட்டியில் விடுவார்கள். நீர் பளிங்கு போல் இருக்கும். ஒரு வாரம் மீன்கள் துள்ளி விளையாடும். பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து மூடும். துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும். பத்துப் பதினைந்து நாட்களில் போட்ட பணம் தொட்டியில் மிதக்கும். விற்றவர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார் என்று பழி சொல்வதுண்டு. பெரும்பாலும் குற்றம் மீனிடம் இல்லை, நீரிடம் இருக்கிறது.

மீனின் கழிவிலும் தின்னாமல் அழுகும் தீனியிலும் இருந்து அம்மோனியா உண்டாகிறது. இது மீனின் செவுளை அரிக்கும் நஞ்சு. பழைய தொட்டியில் இதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தில் கலந்து மூச்சைத் தடுக்கும்; செவுள் பழுப்பு நிறமாகும். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே நீர் பாதுகாப்பாகிறது. புதுத் தொட்டியில் இந்த இரு கூட்டமும் இல்லை. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நீர் தெளிவாக இருப்பதற்கும் நஞ்சு இல்லாமல் இருப்பதற்கும் தொடர்பே கிடையாது.

விவசாயிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. வயலில் யூரியா இட்டால் மண்ணில் நடப்பதும் இதே மாற்றம்தான். மண்ணிலுள்ள இந்த நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டுவாக்கில் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். யூரியாவுடன் வேப்பம் பிண்ணாக்கு கலந்து இடுவது இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தி, தழைச்சத்து வீணாகாமல் காப்பதற்கே. மீன் தொட்டியில் வேண்டியது நேர் எதிரானது. இங்கே மாற்றம் எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது.

விரைவுபடுத்த எளிய வழி ஒன்று உண்டு. நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை, ஈரம் காயாமல் கொண்டுவந்து புதுத் தொட்டியில் போட வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். கொளத்தூர்ப் பக்கம் தெரிந்த வளர்ப்பாளர் இருந்தால் கேட்டு வாங்கலாம். கிடைக்காதவர்கள் தொட்டியில் நீர் நிரப்பி, காற்றுக் குழாயை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டுவர வேண்டும். அது அழுகி அம்மோனியா தரும். அதைத் தின்று நுண்ணுயிர் பெருகும். வண்ண மீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் சோதனைப் பொருட்கள் விற்கின்றன. இரண்டும் ஏறி, பின் இறங்கி, அறவே இல்லை என்று காட்டும்வரை மீன் விடக்கூடாது. ஒரு மாதம் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தாய் மீன் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல.

பொறுக்க முடியாதவர்கள் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டிக்கு நான்கு சிறு மீன்களோடு தொடங்கலாம். இந்தத் தொட்டி வாய்வரை ஏறக்குறைய 56 லிட்டர் பிடிக்கும். தீனி இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீரும் அளவே போட வேண்டும். முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுவது அவசியம்.

எந்த நீரை ஊற்றுவது?

திருவொற்றியூர்ப் பகுதிக்கு இதுதான் முக்கியமான கேள்வி. இங்கே இரண்டு வகை நீர் இருக்கிறது. இரண்டின் குணமும் வேறு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் பல ஆண்டுகளுக்கு முன்பே கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. கரையோரக் குழாய்க்கிணறுகள் பலவற்றில் வருவது உவர்ப்பான கடினநீர். வீட்டுக் குழாயில் வரும் நீரிலோ, காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் நீர் சேர்ந்திருக்கலாம். அது மென்நீர், கிருமி நீங்கக் குளோரின் கலந்தது.

குளோரின் மீனையும் கொல்லும், நுண்ணுயிரையும் கொல்லும். குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுதும் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். அவசரமென்றால் 'ஹைப்போ' எனப்படும் சோடியம் தயோசல்பேட்டை 100 லிட்டருக்கு 1 கிராம் கரைத்தால் போதும். மென்நீரில் இன்னொரு குறையும் உண்டு. அம்மோனியா மாறும்போது அமிலம் பிறக்கிறது. தாங்கும் சக்தி இல்லாத நீர் சீக்கிரம் புளித்துவிடும். எண்ணூர், பழவேற்காடு பக்கம் கிடைக்கும் கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, ஒரு கைப்பிடி துணியில் முடிந்து வடிகட்டியருகே போட்டால் இது சரியாகும்.

கிணற்று நீரில் ஆபத்து வேறு விதம். கார அமில நிலை 7 உள்ள நீரில், 30 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே கொடிய வடிவில் இருக்கும். அதே நிலை 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல் போய்விடும். கடினநீர் பெரும்பாலும் காரமானது. ஆகவே இரண்டு தொட்டியில் ஒரே அளவு கழிவு இருந்தாலும் கிணற்று நீர்த் தொட்டியில் மீன் முதலில் சாகும். கோடையில் இன்னும் மோசம். ஆனால் உவர்ப்பில் ஒரு நன்மையும் இருக்கிறது: உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டு மீனின் இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கிறது. மென்நீர்த் தொட்டிக்காரர்கள் நைட்ரைட்டு ஏறும் நாட்களில் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு சேர்ப்பது இதற்காகத்தான்.

நீரை மாற்றி மீனை வாழவைப்பதைவிட, நீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது லாபம். கிணற்று நீர் உள்ளவர்களுக்கு மோலி கைகொடுக்கும். கப்பி, பிளாட்டியும் கடினநீரில் நன்றாகக் குட்டி போடும். மென்நீர் கேட்கும் நியான் டெட்ரா, டிஸ்கஸ் பக்கம் புதியவர்கள் போகாமலிருப்பதே நல்லது.

ஆவியாகிக் குறைந்த நீருக்குப் பதிலாகக் கிணற்று நீரை மேலும் மேலும் ஊற்றுவது பலர் செய்யும் பிழை. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். உவர் நீர் பாய்ச்சிய வயலில் உப்புப் பூப்பது போலத்தான். பழைய நீரில் கால் பங்கை வெளியேற்றிவிட்டுத்தான் புது நீர் ஊற்ற வேண்டும். குழாய் நீர்த் தொட்டியிலிருந்து வெளியேற்றும் நீரில் தழைச்சத்து இருப்பதால் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சலாம். உவர் நீரை அப்படிப் பாய்ச்சக்கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் சுற்றுப்புறக் குடியிருப்புகளுக்கும் வந்தது நினைவிருக்கும். தரைக்கடியில் உள்ள தொட்டியில் வெள்ளநீர் புகுந்திருந்தால், அதைக் கழுவிச் சுத்தம் செய்யும்வரை மீனுக்கு அந்த நீர் ஆகாது. மழைநீர் பிடிப்போரும் முதல் மழையைக் கூரையில் ஓடவிட்டு, அடுத்த மழையைப் பிடிக்க வேண்டும்.

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் பிழிந்தால் போதுமானது. மின்சாரம் நின்றால் காற்றுக் குழாயும் நிற்கும். அப்போது தீனி போடாமல், குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். நீர்ச் சோதனை, மீன் நோய் பற்றிய ஐயங்களைப் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் நேரில் கேட்டறியலாம்.