கடிகாரம் செய்தவர்கள் தூண்டில் ரீல் செய்த கதை!

‘அபு’ என்ற பெயரைக் கேட்டால் அரபு நாட்டுப் பெயர் என்று தோன்றும். ஆனால் இது ஸ்வீடன் தேசத்துக் கம்பெனி ஒன்றின் பெயர்.

தூண்டில் நூலைச் சுற்றும் ரீல்களைச் செய்து உலகமெங்கும் பெயர் வாங்கிய கம்பெனி இது. ஆனால் மீன் பிடிக்கும் சாமான் செய்வதற்காக இது தொடங்கப்படவில்லை. கடிகாரம் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது!

கடிகாரக்காரர்கள் மீனிடம் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

ஆற்றங்கரை ஊர்

ஸ்வீடனின் தென்பகுதியில் பிளேக்கிங்கே என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே மோரும் என்ற ஆறு ஓடுகிறது. சால்மன் மீனுக்குப் பெயர்போன ஆறு அது. அதன் கரையில் ஸ்வெங்ஸ்டா என்ற சிறிய ஊர்.

இந்த ஊரில் ‘ஹால்டா’ என்ற கடிகாரத் தொழிற்சாலை இருந்தது. அங்கே பணியாற்றியவர் கார்ல் ஆகஸ்ட் போரிஸ்ட்ரோம். 1921-ம் ஆண்டில் அவர் சொந்தமாக ஒரு தொழிற்சாலை தொடங்கினார். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கடிகாரங்களைச் செய்தார்.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு மக்கள் கைக்கடிகாரம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பைக் கடிகாரத்தை நம்பி நெடுங்காலம் பிழைக்க முடியாது.

என்ன செய்வது? பல் சக்கரம் வெட்டத் தெரிந்த கைகள் தொழிற்சாலையில் இருந்தன. அந்தக் கைகளுக்கு வேறு வேலை தேட வேண்டும்.

டாக்சி மீட்டர் வந்தது

வாடகை மோட்டாரில் எவ்வளவு கூலி என்று காட்டும் மீட்டர் இருக்கிறதல்லவா? அதன் உள்ளே இருப்பதும் பல் சக்கரங்கள்தான். கார் சக்கரம் சுற்றச் சுற்ற மீட்டரின் எண் ஏறும். கார் நின்றாலும், உள்ளே இருக்கும் கடிகாரம் ஓடி, காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி போடும்.

கடிகாரம் செய்தவர்களுக்கு இது கைவந்த வேலை! ‘ரெக்கார்டு’ என்ற பெயரில் டாக்சி மீட்டர்களைச் செய்து விற்றார்கள்.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஸ்வீடன் யுத்தத்தில் சேரவில்லை. ஆனாலும் கஷ்டம் அதை விடவில்லை. பெட்ரோல் வருவது மிகவும் குறைந்துபோனது. விறகை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு கார் ஓட்டினார்கள். இந்த நிலையில் டாக்சி மீட்டரை யார் வாங்குவார்கள்?

மறுபடியும் அதே கேள்வி. தொழிலாளர்களுக்கு என்ன வேலை கொடுப்பது?

மகனின் யோசனை

அப்போது தொழிற்சாலையை நடத்தியவர் நிறுவனரின் மகன் யோட்டே போரிஸ்ட்ரோம். அவருக்குத் தூண்டில் போடுவதில் மிகுந்த ஆசை. ரீலின் உள்ளேயும் பல் சக்கரங்கள் உண்டு. நம் ஆட்களால் அதைச் செய்ய முடியாதா என்று அவர் எண்ணினார்.

1941-ம் ஆண்டில் முதல் ரீல் வெளிவந்தது. அதற்கும் ‘ரெக்கார்டு’ என்றே பெயர் வைத்தார்கள்.

சிக்கலுக்கு ஒரு வழி

இவ்வகை ரீலைக் கொண்டு தூண்டில் வீசுவது சுலபமல்ல. கிணற்று ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். கயிற்றைக் கைவிட்டால் வாளி கீழே போய் நின்ற பிறகும் ராட்டினம் சுற்றிக்கொண்டே இருக்கும். ரீலும் அப்படித்தான். தூண்டிலை வீசியதும் உருளை வேகமாகச் சுற்றும். நூல் போகும் வேகத்தைவிட உருளையின் வேகம் கூடினால், நூல் குருவிக் கூடு மாதிரிச் சிக்கிவிடும்!

1952-ம் ஆண்டில் வந்த ‘அம்பாசடர் 5000’ என்ற ரீலில் இதற்கு வழி இருந்தது. அம்பாசடர் என்றால் தூதர். சிவப்பு நிறம் பூண்ட அழகான ரீல் அது.

திருவிழாவில் குடை ராட்டினம் சுற்றும்போது தொட்டில்கள் வெளிப்பக்கம் விலகுகின்றன அல்லவா? அதே தத்துவம்தான். உருளை சுற்றும்போது இரண்டு சின்னஞ்சிறு கட்டைகள் வெளிப்பக்கம் விலகி, சுற்றியுள்ள வளையத்தில் உராயும். வேகம் கூடினால் உராய்வும் கூடும். அதுவே பிரேக்! வேகம் குறைந்தால் பிரேக்கும் தானே தளர்ந்துவிடும்.

இன்னும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் உருளை தனியாகச் சுற்றும், கைப்பிடி சுற்றாது. நூலைத் திரும்பச் சுற்றும்போது, ஒரு சிறிய வளையம் இங்கும் அங்கும் நகர்ந்து நூலைச் சீராகப் பரப்பும். நெசவாளர் வீட்டில் கண்டு சுற்றும் பெண் விரலால் நூலை நகர்த்துவது போல! பெரிய மீன் இழுத்தால் நூல் அறாமல் விட்டுக்கொடுக்கவும் ஏற்பாடு உண்டு. எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை நட்சத்திர வடிவத் திருகினால் கூட்டலாம், குறைக்கலாம்.

அமெரிக்காவில் புகழ்

இந்த ரீல்களை அமெரிக்காவில் ‘கார்சியா’ என்ற கம்பெனி விற்றது. அங்கே அவை நன்றாகப் பரவின. பிற்காலத்தில் கார்சியா நொடித்துப் போனது. அதன் பெயரை ஸ்வீடன் கம்பெனியே வாங்கிக்கொண்டது. ‘அபு கார்சியா’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பழைய ரீல்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ரீலைக் கையில் எடுத்ததும் அவர்கள் அடிப்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். பல ரீல்களில் அங்கே ஓர் எண் பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்த இரண்டு மாதம். 7503 என்று தொடங்கினால் 1975-ம் ஆண்டு மார்ச் மாதம் என்று பொருள்.

பெயரின் பொருள்

சரி, ‘அபு’ என்றால் என்ன?

‘அக்டிபோலாகெட் உர்ஃபாப்ரிக்கென்’ என்பதன் சுருக்கம் அது. முதல் சொல்லுக்குக் கம்பெனி என்று அர்த்தம். இரண்டாவது சொல்லுக்கு? கடிகாரத் தொழிற்சாலை!

சரக்கு இரண்டு முறை மாறியது. பெயர் மாறவில்லை, பல் சக்கரம் வெட்டிய கைத்தொழிலும் மாறவில்லை. ஒரு சரக்குக்குக் கிராக்கி போய்விட்டால் தொழிலே போய்விட்டது என்று அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. தெரிந்த தொழிலைக் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள், பிழைத்தார்கள்!