சூட்டில் கசியும் டயோடு (தொடர் – 14)

பந்தல்குடியில் சோலார் மோட்டார் பழுது பார்க்கும் தம்பி, பேனலின் முதுகில் இருக்கும் கறுப்புப் பெட்டியிலிருந்து கழற்றிய மூன்று டயோடுகளை என் முன்னால் வைத்தார். "அண்ணே, திருப்பி வெச்சாலும் மீட்டர்ல ஓம்ஸ் காட்டுது. மூணுமே போயிருச்சு போல." ஒன்று மட்டும்தான் போயிருந்தது. இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தபோது அது பூஜ்யமே காட்டியது. மற்ற இரண்டும் நல்லவை.

அவை ஷாட்கி டயோடுகள். அவற்றில் திருப்புத்திசைக் கசிவு பிறவிக்குணம். கடையில் கிடைக்கும் சாதாரண 1என்4007 டயோடு, 25 டிகிரியில் அதிகபட்சம் 5 மைக்ரோ ஆம்பியர் கசியலாம் என்கிறது அதன் டேட்டா ஷீட். 40 வோல்ட் ஷாட்கியான 1என்5822-க்கு அதே சூட்டில் 2 மில்லி ஆம்பியர் வரை அனுமதி. 400 மடங்கு!

ஷாட்கியில் உலோகம் நேராகக் குறைகடத்தியோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சந்திப்பில் எழும் தடுப்பு உயரம் குறைவு. வரப்பு தாழ்ந்தால் இந்தப் பக்கம் பாய்வது சுலபம், அந்தப் பக்கம் வழிவதும் சுலபம். நேர்த்திசையில் வோல்ட் வீணாவது குறைவாக இருக்கிறதே, அந்த நன்மைக்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்தக் கசிவு. உலோக முனையைக் கலீனா படிகத்தில் தொடவைத்து ஜகதீஷ் சந்திர போஸ் மின்காந்த அலைகளைப் பிடித்ததும் இதே குடும்பத்துச் சந்திப்பில்தான். 1901-ல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904-ல் அவருக்குக் கிடைத்தது. அந்தத் தடுப்பு ஏன் எழுகிறது என்று ஜெர்மானியர் வால்டர் ஷாட்கி விளக்கியது 1938-ல்.

மீட்டர் காட்டும் ஓம்ஸை நிலையான எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 40 வோல்ட்டில் 2 மில்லி ஆம்பியர் என்றால் 20,000 ஓம். அதே டயோடு 100 டிகிரியில் 20 மில்லி ஆம்பியர் வரை கசியலாம். அப்போது 2,000 ஓம். டயோடை விரலிடுக்கில் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாலே எண் இறங்குவதைப் பார்க்கலாம். தம்பிக்குப் பிடித்துக் காட்டினேன்.

அந்த ஒன்று செத்தது எப்படி? 60 செல் பேனலில் டயோடு ஒன்றுக்கு 20 செல் பொறுப்பு. வெயிலில் அது ஏறக்குறைய 10 வோல்ட்டைத் திருப்பித் தாங்கி நிற்கும். கிளை நிழல் விழுந்தால் எட்டு ஆம்பியர் அதன் வழியே சுற்றிப்போகும். அரை வோல்ட் வீணானாலும் மூடிய பெட்டிக்குள் 4 வாட் சூடு. நிழல் நகர்ந்ததும் கொதித்துக் கிடக்கும் டயோடின் மீது 10 வோல்ட் திரும்ப ஏறுகிறது. சூட்டினால் கசிவு, கசிவினால் மேலும் சூடு. பெட்டி அதை வெளியேற்றிவிட்டால் பிழைக்கும், இல்லையென்றால் ஷார்ட். இதைச் சோதிக்கவே ஐஇசி 62979 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. ஷார்ட் ஆன பிறகும் மோட்டார் ஓடும், மூன்றில் ஒரு பங்கு வோல்ட் போனது சம்சாரிக்குத் தெரியாது. அதுதான் எனக்கு வருத்தம்.

பக்கத்துக் கமுதியில் 2016-ல் எழுந்த 648 மெகாவாட் நிலையத்தில் சுமார் 25 லட்சம் பேனல்கள். பேனலுக்கு மூன்று என்றால் முக்கால் கோடி டயோடுகள் இந்தக் கரிசல் வெயிலில் நிற்கின்றன. இங்கே டயோடு வாங்குகிறவர் 25 டிகிரி வரியை விட்டுவிட்டு 100 டிகிரி வரியைத்தான் படிக்க வேண்டும்.

தம்பி ஒன்றை மட்டும் மாற்றினார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு, மூன்று மணிக்கு மேல் பேனலில் நிழல் போடும் சீமைக்கருவேலங் கிளையை வெட்டப் போனார்.