அடியும் நகையும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரிலுள்ள எம் இல்லத்திற்கு எங்கள் சபைப் போதகர் வந்திருந்தார். உணவு முடிந்தபின் சிறுவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து, 'ஆர்மர் ஆஃப் காட்' என்னும் படத்தைக் காணத் தொடங்கினர். பெயரைச் செவியுற்ற போதகர், எபேசு சபையாருக்கு எழுதிய நிருபத்தில் வரும் சர்வாயுதவர்க்கத்தைப் பற்றியதொரு படம்போலும் என்று கருதி, நாற்காலியை அருகில் இழுத்து அமர்ந்தார். படத்திலோ, துறவியர் கூட்டமொன்று ஒற்றை மனிதனைச் சூழ்ந்து புடைத்துக்கொண்டிருந்தது. அவனும் ஓடியும் ஒளிந்தும் புரண்டும் திருப்பிப் புடைத்தான். வீடெங்கும் நகைப்பொலி. சிறிதுநேரம் பொறுத்திருந்த அவர், "அடிபடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, தம்பி! இதில் அன்பு எங்கே இருக்கிறது?" என்று என்னை வினவினார். அன்று யான் விடை கூறிற்றிலேன். ஈண்டுக் கூற முயல்கின்றேன்.

ஹாங்காங்கில் எடுக்கப்பட்டுத் தமிழில் மொழிமாற்றம் செய்யப்பெற்ற இத்தகைய படங்கள், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து இளைஞர்க்குப் புதியன அல்ல. ஜாக்கி சான் என்னும் பெயர் எங்கள் தெருவில் அறியாதார் இலர். சீனத்துத் திருடன் ஒருவன் சென்னைத் தெருப்பேச்சில் ஏசும்பொழுது, இலக்கணம் பயிலும் யானும் நகையை அடக்க வல்லேன் அல்லேன்.

இப்படங்கள் பிறந்த வகையை முதலிற் கூறுதல் நலம். 1973ஆம் ஆண்டு சூலைத் திங்களில் புரூஸ் லீ காலமானார். அவருக்கு ஈடாக மற்றொருவரைக் காண விழைந்த படமுதலாளிகள், ஜாக்கி சானையும் அவ்வச்சிலேயே வார்க்க முயன்று தோற்றனர். 1978ஆம் ஆண்டில் யுவன் ஊ-பிங் இயக்கிய 'ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷாடோ', 'டிரங்கன் மாஸ்டர்' என்னும் இரு படங்களே அவருக்கு வழி திறந்தன. ஒன்றில் அவர் எல்லாரிடமும் உதைபடும் ஏவலாள். மற்றொன்றில் தந்தைக்கு அடங்காத குறும்பன். புரூஸ் லீ குத்தினால் பகைவன் வீழ்வான். ஜாக்கி சான் குத்தினாலும் பகைவன் வீழ்வான். ஆனால் குத்திய கையை உதறிக்கொண்டு அவரும் முகஞ்சுளிப்பார். அம்முகச்சுளிப்பிலேதான் இப்படங்களின் கவர்ச்சி முழுவதும் அடங்கியுள்ளது என்பது என் துணிபு.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அது தோன்றும் நிலைக்களன் நான்கு என்றார். அவற்றுள் எள்ளல் ஒன்று. எள்ளல் என்றவுடன் பிறரை இகழ்ந்து நகுதலையே நாம் நினைக்கின்றோம். உரைகாரரோ, பிறர் தம்மை எள்ளியவழித் தாம் நகுதலையும் அதன்பாற் படுத்தினர். போதகர் அஞ்சியது முன்னதனை. இப்படங்களில் உள்ளது பெரும்பாலும் பின்னது. அடிபடுகின்றவன் நமக்குப் பகைவன் அல்லன். நம் உள்ளங் கவர்ந்த தலைவனே அவன். அவன் ஏணியில் மோதிக்கொள்ளும்பொழுது, சென்ற வாரம் மின்வண்டிப் படியில் இடறிய நம் காலையே நாம் நினைந்து நகுகின்றோம். வலி இல்லை என்று நடிக்கும் வீரனை வியக்கலாம். வலிக்கின்றது என்று ஒப்புக்கொள்ளும் வீரனையே உறவினனாகக் கொள்ள இயலும்.

இஃது எளிதில் வாய்த்த கலையன்று. ஜாக்கி சான் சிறுவராக இருந்தபொழுதே ஹாங்காங்கில் யூ ஜிம்-யுவன் என்னும் ஆசிரியர் நடத்திய சீன இசைநாடகப் பள்ளியிற் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழப் பத்தாண்டு ஆண்டுப் பயின்றார். பாட்டு, கூத்து, கரணம், படைக்கலப் பயிற்சி யாவும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன, பிரம்படியும் உண்டு. அந்நாடகத்தில் ஒவ்வோர் அசைவும் பறையின் அடிக்கு இயைய நிகழும். நம் தெருக்கூத்திற் கட்டியங்காரன் தாளந் தவறாமல் தடுமாறுவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். சண்டைக் காட்சியிலும் அத்தாள ஒழுங்கே நின்றது: மூன்று நான்கு விரைந்த அடிகள், பின்னர் ஒரு கணம் அசைவின்மை, அதன்பின் ஒரு முகக்குறிப்பு. நகைப்பு எழுவது அடியின்போது அன்று, அக்கணத்து அசைவின்மையிலேயே. ஆதலின் நடிகரின் முழுவுடலும் தெரியும்படி படப்பெட்டியைத் தொலைவில் நிறுத்தி, நெடுநேரம் வெட்டாமற் காட்டினர். கைவேறு கால்வேறாகத் துணித்து ஒட்டிய காட்சியில் இத்தாளம் கெட்டுவிடும்.

இவ்வழியில் மிகையின் எல்லையையே கண்டது, ஸ்டீபன் சோ 2004ஆம் ஆண்டில் அளித்த 'குங் பூ ஹசில்'. பன்றிக்கொட்டில் என்று பெயர்பெற்ற ஓர் ஒண்டுக்குடித்தனம். தலையிற் சுருள்முள்ளும் வாயிற் சுருட்டுமாகத் திரிந்து, நினைத்தபொழுது தண்ணீரை நிறுத்திவிடும் வீட்டுக்காரி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய வரிசைவீடுகளில் வாழ்ந்தார்க்கு அவ்வம்மையாரை அறிமுகப்படுத்தவும் வேண்டுமோ? அவர் சினந்து ஓடுங்கால், கால்கள் கேலிச்சித்திரத்திற் போலச் சக்கரமாய்ச் சுழல்கின்றன. அவர் அலறினாற் பகைவர் பறக்கின்றனர். அங்குக் குடியிருக்கும் கூலியாளும் தையற்காரரும் உணவு சமைப்பவருமே மறைந்து வாழும் பெருவீரர் என்று பின்னர்த் தெரியவருகின்றது. எளியார் குடியிருப்பில் ஆற்றல் ஒளிந்திருத்தலைக் காட்டுதற்கே மிகை ஈண்டுப் பயன்பட்டது. வீட்டுக்காரியாக நடித்த யுவன் சியூவும், அவர் கணவராக நடித்த யுவன் வாவும் ஜாக்கி சானுடைய பழம்பள்ளியின் மாணாக்கரே. யுவன் வா முன்னர்ப் புரூஸ் லீக்கு மாற்றாகக் கரணமிட்டவர்.

நம் நாட்டுப் படங்களிலும் மிகைக்குக் குறைவில்லை. 1983ஆம் ஆண்டில் வந்த 'பாயும் புலி'யில் ரஜினிகாந்த் குங் பூ பயின்று பகைதீர்ப்பார். அது நம்பவேண்டிய மிகை. பின்னாளைத் தலைவர்கள் விரலசைவில் வண்டிகளைப் பறக்கவிட்டும், நம்புமாறே நம்மைக் கேட்டனர். 2010ஆம் ஆண்டின் 'தமிழ்ப் படம்' அவ்வழக்கத்தை நன்கு எள்ளியது. எனினும், அடிபட்டும் வீரம் பேசும் நகைப்பை நமக்கு நிறைவாகத் தந்தவர் வடிவேலுவே என்பேன். 2003ஆம் ஆண்டின் 'வின்னர்' படத்துக் கைப்புள்ளை, வீக்கத்தை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் நடை எந்தச் சீனக் கலைஞர்க்கும் இளைத்ததன்று.

இங்ஙனம் எழுதிவரும்பொழுதே, போதகர் வினாவில் யான் முதலிற் காணாத ஒரு கூறு தோன்றுகின்றது. கதையில் அடிபடுகின்றவன் வேறு. அவனுக்காக உண்மையில் விழுகின்றவன் வேறு. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில், பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள படப்பிடிப்புக் களமொன்றில் பாரந்தூக்கி சாய்ந்து மூவர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு சூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மகிழுந்து கவிழும் காட்சியொன்றை எடுக்கும்பொழுது சண்டைக் கலைஞர் ஒருவர் உயிர்நீத்தார். நாம் நகைக்கும் வீழ்ச்சியெல்லாம் யாரோ ஒருவரின் முதுகெலும்பின்மேல் நிகழ்கின்றது. இதனை மறைக்கும் படமே அன்பற்றது என்று எனக்குத் தோன்றுகின்றது. ஜாக்கி சான் அதனை மறைத்தாரல்லர். 1983ஆம் ஆண்டின் 'பிராஜெக்ட் ஏ'யில் மணிக்கூண்டின் உச்சியினின்று துணிப்பந்தல்களைக் கிழித்துக்கொண்டு விழும் காட்சியில் விழுபவர் அவரே. தம் படங்களின் இறுதியில், தவறிய அடிகளையும் பிழைத்த குதிப்புக்களையும் வரிசையாகக் காட்டுவதை வழக்கமாக்கினார். அங்கே நகைப்பு மெல்ல ஓய்ந்துவிடும்.

அன்றும் அவ்வாறே ஆயிற்று. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியபொழுது சிறுவர் எழுந்து போயினர்; போதகர் எழுந்திலர். அந்நாள் யூகோஸ்லாவியாவில் அப்படம் எடுக்கப்பட்ட பொழுது, மதிலினின்று மரக்கிளைக்குத் தாவிய ஜாக்கி சான், கிளை முறிந்து கீழே விழுந்து மண்டையெலும்பு உடைபட்டார். அவரைத் தூக்கிச் செல்லும் காட்சியும் அவ்விறுதியில் வந்தது.

"அந்தத் தம்பி பிழைத்தானா?" என்றார் போதகர்.

"பிழைத்தார், ஐயா. மூளைக்கருகே அறுவை செய்தார்கள். ஒரு காதிற்குக் கேள்வி குறைந்தது. 2008ஆம் ஆண்டில் 'தசாவதாரம்' பாட்டு வெளியீட்டு விழாவிற்குச் சென்னைக்கே வந்திருந்தார்" என்றேன்.

"கிளையைச் சோதித்துப் பாராமலா குதித்தான்?"

"முதன்முறை நன்றாகவே குதித்துவிட்டார், ஐயா. அது மனத்திற்கு நிறைவாயில்லை என்று மறுமுறை குதித்தபொழுதுதான் கிளை முறிந்தது."