கொன்றவரின் கையில் இருந்த கமரா

2009 ஆகஸ்ட் 25ஆந் திகதி பிரித்தானியாவின் செனல் 4 தொலைக்காட்சி ஒரு சிறிய காணொளியை ஒளிபரப்பியது. கைகளும் கண்களும் கட்டப்பட்டு, உடை களையப்பட்ட ஆண்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். சுடுபவர்கள் இராணுவச் சீருடையில் இருக்கிறார்கள். களத்தில் நின்ற சிப்பாய் ஒருவரே கையடக்கத் தொலைபேசியில் இதனைப் பதிவு செய்தார் என்று சொல்லப்பட்டது.

2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறிவிட்டார்கள். சுதந்திரமான ஊடகவியலாளர்களுக்கு அங்கே இடமில்லை. ஆகவே கெலம் மக்ரே 2011 ஜூனில் 'இலங்கையின் கொலைக்களங்கள்' ஆவணப்படத்தை வெளியிட்டபோது, அகப்பட்டவர்கள் எடுத்த படங்களும் சிப்பாய்கள் எடுத்த படங்களுமே அவருக்குக் கைகொடுத்தன. வேட்டைக்காரன் மான்கொம்பைச் சுவரில் மாட்டுவது போல, சிப்பாய் இதைத் தன் கூட்டாளிகளுக்குக் காட்டவே எடுக்கிறான். உலகத்துக்குச் சாட்சி சொல்லும் நோக்கம் அவனுக்கு இல்லை. அதனாலேயே அந்தப் படத்துக்கு இத்தனை கனம்.

எங்கட ஸ்பிரிங்வெளியில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "இதெல்லாம் கொம்பியூட்டர்ல செய்ற வேல நானா" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அதைச் சும்மா தள்ளிவிடக் கூடாது, நியாயமான சந்தேகந்தான். அரசாங்கமும் அதையே சொன்னது, தன் பக்கத்து நிபுணர்களையும் நிறுத்தியது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மூன்று துறைகளைச் சேர்ந்த மூவரிடம் காணொளியைக் கொடுத்தார். துப்பாக்கி பின்னுதைக்கும் விதமும் குழல்வாயில் வெளியேறும் வாயுவும் உண்மையான ரவைக்குரியவை என்றார் ஆயுத நிபுணர். உடல்கள் விழுந்த விதத்தையும் இரத்தத்தையும் தடயவியல் மருத்துவர் பார்த்தார். படத்தில் வெட்டும் ஒட்டும் இல்லை என்றார் காணொளி நிபுணர். 2010 ஜனவரியில் அல்ஸ்டன், காணொளி உண்மையானதாகவே தெரிகிறது என்று அறிவித்தார்.

எனக்கு அந்த அறிக்கையில் பிடித்த இடம் வேறு. சுடப்பட்டவர்கள் சிலரின் அசைவு, கடைசியில் வரும் 17 சட்டகங்கள், கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி, இம்மூன்றுக்கும் முழு விளக்கம் இல்லை என்று அவரே எழுதி வைத்தார். மறைத்திருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டிருக்கும். பின்னர் அரசாங்கமே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவும் இந்தக் காணொளி குறித்துச் சுதந்திரமான விசாரணை வேண்டும் என 2011இல் பரிந்துரைத்தது.

ஆனால் இத்தகைய படம், எடுத்தவன் காட்ட விரும்பியதை மட்டுமே காட்டும். கட்டளையிட்டது யார் என்பது சட்டகத்துக்கு வெளியே நிற்கும். எடுக்கப்படாதவற்றின் கதி? 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் புலிகள் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டார்கள். அன்று எவர் பையிலும் தொலைபேசிக் கமரா இல்லை. சுவரில் ரவைத் துளைகள் இருக்கின்றன, உயிர் தப்பியவர்களின் வாய்மொழி இருக்கிறது. அவர்களுக்கும் வயசாகிவிட்டது. அதைப் பெயர், நேரம், நின்ற இடம் என்று விபரமாகப் பதிய வேண்டிய வேலை எங்களுடையது.

2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது நிலைமை மாறியிருந்தது, சீசீடிவி பதிவுகள் இருந்தன. அப்படியொன்று கையில் இருந்தால் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். அனுப்பும்போது கோப்பு சுருங்கிவிடும், எடுத்த திகதியும் கருவியின் விபரமும் போய்விடும். நிபுணர் முதலில் தேடுவது அவற்றைத்தான். மூலக்கோப்பை அப்படியே இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். எடுத்தவர் யார், எந்த நாள், எந்த வாசலில் நின்று எடுத்தார் என்பதைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள்.