சாயும் அண்டா

ஐந்து பேருக்கு வடிக்கும் சோற்றை ஐந்நூறு பேருக்கு வடிக்க, பெரிய அண்டாவும் பெரிய அடுப்பும் போதும் என்றுதான் முதலில் தோன்றும். பொங்கல் கிண்டியவர்களுக்கு நடப்பது தெரியும். தீ படும் அடிப்பகுதி 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். கெட்டியான பொங்கலோ தானாகச் சுழன்று அந்தச் சூட்டைப் பரப்பாது. அடி கருகும், நடு வேகாது.

பொதுச் சமையற்கூடங்கள் நீராவியை நாடுவது இதனால்தான். ஒரு கிராம் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். ஒரு கிராம் நீராவி மறுபடி நீராகும்போதோ சுமார் 540 கலோரியைக் கொட்டிவிடுகிறது. இரட்டைச் சுவர் அண்டாவில் இந்த ஆவி சுவர்களுக்கு நடுவே ஓடும். தீ நேராகப் படாததால் சாம்பார் சுலபத்தில் அடிபிடிக்காது. சோற்று அண்டாக்களில் ஆவியை அரிசிக்குள்ளேயே விடுவதும் உண்டு. அந்த ஆவி சோற்றில் கலப்பதால் ஆவி தரும் கொதிகலனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உலையிலும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஷீரடி சாய் பிரசாதாலயத்தில் சூரிய வெப்பத்தைக் குவித்தே ஆவி தயாரிக்க 2009-இல் 73 குவிதட்டுகள் அமைக்கப்பட்டன.

ஐம்பது பேருக்கு மட்டும் சமைக்கும் இடத்தில் கொதிகலன் வீண்செலவு. அங்கே 19 கிலோ வணிக சிலிண்டரும் கனத்த அடியுள்ள பாத்திரமுமே சரி.

நூறு லிட்டர் சாம்பார் நூறு கிலோவுக்குக் குறையாது. அதை யார் இறக்குவது? 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களின் இடுப்பையும் தோளையும் கணக்கில் எடுக்காமல் வாங்கும் எந்தச் சாதனமும் தவறான தேர்வுதான். சக்கரத்தைச் சுழற்றினால் மெல்லச் சாய்ந்து ஊற்றும் அண்டாவுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம்.

மாவரைப்பதிலும் இதே கதை. கோவையில் 1955-இல் சபாபதி என்பவர் உருவாக்கிய கிரைண்டரின் வழிவந்ததே இன்றைய சாய்வு கிரைண்டர். கருங்கல் மெதுவாகச் சுழல்வதால் உளுந்து சூடேறாமல் பொங்கி வரும். தொட்டியைச் சாய்த்தால் மாவு தானே வழியும். குனிந்து அள்ள வேண்டாம். பெரிய மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டியிருக்கும் என்பதை முன்பே விசாரிப்பது நல்லது.

பணம் கட்டுமுன் கடையிலேயே அண்டாவில் தண்ணீர் நிரப்பி, தினமும் அதைக் கையாளப்போகும் பெண்ணையே சாய்த்துப் பார்க்கச் சொல்லலாம். ஆவி அழுத்தம் கூடினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு எங்கே இருக்கிறது என்று அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.