சாற்றின் விலையும் தானியத்தின் விலையும்

மேலை நாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்போர் இரு வகையினர். ஆலையில் வடித்துச் சுண்டக் காய்ச்சிய மால்ட் சாற்றை வாங்கி, நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து நொதிக்கவிடுவோர் ஒரு வகை. முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்தே தொடங்குவோர் மற்றொரு வகை. முதல் செய்முறையை இரண்டாவதாக மாற்றுவதில் ஒரு பொருளாதாரப் பாடம் அடங்கியுள்ளது.

கணக்கு எளிது. 1 கிலோ உலர் சாற்றுக்கு ஈடாக ஏறத்தாழ 1.6 கிலோ முளைப் பார்லி வேண்டும். பாகு வடிவச் சாறு எனில் 1.3 கிலோ. தானியம் தரக்கூடிய சர்க்கரையில் முக்கால் பங்கே வீட்டுப் பாத்திரத்தில் இறங்கும் என்று கொண்டு போட்ட கணக்கு இது. எடையுடன் வேலையும் கூடும். நொறுக்கிய தானியத்தை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால், அமைலேஸ் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். அந்த உழைப்புக்கும் எரிபொருளுக்கும் உரிய தொகை சாற்றின் விலையில் அடங்கியிருக்கிறது.

தமிழகத்தில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் தயாரிக்க இயலாது. ஆனால், தானியத்தை முளைகட்டுவதற்குத் தடையில்லை. அது நமக்குப் புதிதும் அன்று. அரிசிக் கூழில் முளையைக் கலந்து மது விளைவித்த முறையைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. இன்றும் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி அரைத்துக் குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்சுகிறோம். அக்கூழ் இளகி இனிப்பதற்கும் அதே அமைலேஸ்தான் காரணம்.

நைஜீரியா 1988இல் பார்லி மால்ட் இறக்குமதிக்குத் தடை விதித்தபோது, அங்குள்ள ஆலைகள் உள்நாட்டுச் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறின. முளைச் சோளத்தில் நொதித் திறன் குறைவு என்பதால், நொதிகளைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. ஆயினும் உள்நாட்டுத் தானியத்துக்கு ஆலைகளே சந்தையாயின.

பாடாலூரை உள்ளடக்கிய பெரம்பலூர் மாவட்டம், மக்காச்சோளச் சாகுபடியில் தமிழகத்தின் முன்னணி மாவட்டங்களுள் ஒன்று. விளைச்சலின் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்காக மூட்டைகளாகவே வெளியேறுகிறது. தானியமாக விற்பவருக்குத் தானிய விலை மட்டுமே கிடைக்கும். அதைப் பதப்படுத்துவதன் ஆதாயம் வேறு ஊருக்குச் சென்றுவிடும்.

இங்குள்ள மானாவாரி நிலங்களில் கம்பும் கேழ்வரகும் விளையும். அவற்றை முளைகட்டி, உலர்த்தி, அரைக்கும் கூடங்களை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நடத்தலாம். அதற்குக் குறைந்த வட்டிக் கடனும், தரச் சோதனை வசதியும், சத்துணவுத் திட்டக் கொள்முதலும் அவசியம். அப்போது, டப்பாவில் அடைத்த மால்ட் பானங்களுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது விளைவித்தவர் கைக்கு வந்து சேரும்.